கோடு விழாத நகல்

“என் மிஷின் கண்ணாடி மேல இந்த ஊரு பூராவோட ரகசியமும் படுத்து எந்திரிச்சிருக்கு. ஆனா இன்னைய தேதி வரைக்கும் அடுத்தவங்க பொருள்ல எனக்குன்னு ஒரு காப்பி எடுத்து வெச்சதில்ல. வெச்சேன்னு தெரிஞ்சா அன்னைக்கே ஷட்டரை இழுத்துச் சாத்திட்டுப் போயிட்டே இருப்பேன்!”

வணிகர் சங்கக் கூட்டத்தில் இப்படி முழங்கியவர், கடைத்தெருவின் நடுவில் நகலகம் வைத்திருப்பவர். அன்றைய கூட்டம் கூட்டப்பட்டது சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேச. அவருடைய நேர்மையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் மைக் கைக்கு வந்த மனிதன் சாக்கடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தான் என்று உலக சரித்திரத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா? கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கடை சலூன்காரர் மட்டும், “இவரு எடுத்து வெச்சாலும் யாருக்கு என்ன பிரயோஜனம்? எல்லாத்துலயும்தான் கோடு விழுதே” என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். மைக்தான் அதையும் பிடித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

கோட்டைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நகல் மிஷினின் உருளையில் என்றைக்கோ ஒரு கீறல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த மிஷினிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக, மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு. உருளையை மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் வந்தபோதெல்லாம் சொன்னார். இவர் கேட்கவில்லை. “கோடு இருந்தா என் கடைக் காப்பின்னு அர்த்தம். கையெழுத்து மாதிரி” என்றார். உள்ளூர் அலுவலகங்களில் எந்தக் கோப்பை விரித்தாலும் பாதிக்குப் பாதி தாள்களில் அந்தக் கையெழுத்து இருக்கும். பிறந்ததற்கும் இறந்ததற்கும் இடையில் இந்த ஊரில் நடக்கும் சகலத்துக்கும் ஓரத்தில் ஒரு கோடு உண்டு.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊர் வைத்த பெயர் ஒரிஜினல். நகல் எடுக்க வருகிறவர்கள் நகலை வாங்கிக்கொண்டு, மூடிக்கு அடியில் கிடக்கும் மூலப் பத்திரத்தை மறந்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் தெருவில் இறங்கி, “ஒரிஜினல்! ஒரிஜினல்!” என்று கத்திக்கொண்டு துரத்துவார். இத்தனை வருஷத்தில் எவருடைய ஒரிஜினலும் அவர் கடையில் ஓர் இரவு தங்கியதில்லை. சோதனைக்காக எடுக்கும் முதல் காப்பியையும், மை சரியில்லாமல் போன காப்பியையும் வாடிக்கையாளர் கண்முன்னாலேயே நான்காகக் கிழித்துக் கூடையில் போடுவார். வெற்றுத் தாள் தப்பித்தவறி மிஷினில் புகுந்து வெளியே வந்தால் அதையும் கிழிப்பார். கொள்கை என்று வந்துவிட்டால் காலித் தாளுக்கும் சலுகை கிடையாது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு தங்கை. அப்பா காலமான பிறகு அவளைப் படிக்க வைத்தது இவர்தான். அவள் மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் எல்லாம் நகலானதும் இவர் மிஷினில்தான். வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஓர் அதிகாரி அவள் தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “ஏம்மா, எல்லாத்தையும் ஒரே இடத்துல மடிச்சு வெச்சிருந்தியா?” என்று கேட்டாராம். அன்றைக்கு அவள் பட்ட அவமானம் உள்ளுக்குள்ளேயே கிடந்து ஊறியிருக்கிறது. கல்யாணம் நிச்சயமானதும், அழைப்பிதழை அச்சடிக்க எதிர்க்கடையில் கொடுத்துவிட்டாள். எதிர்க்கடை என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம், இவர் கல்லாவிலிருந்து நிமிர்ந்தால் நேரே தெரிகிற கடை. அங்கே புதிதாக வண்ண மிஷின் வந்திருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார் இவர், அழைப்பிதழை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு.

“கேட்டா நீதான் அடிச்சுக் குடுப்பே. கல்யாணப் பத்திரிகைல கறுப்புக் கோடு விழுந்தா நல்லாவா இருக்கும், அண்ணா?”

“அப்ப என் மிஷினுக்கு மரியாதை இல்ல.”

“உன் மிஷினையா நான் கட்டிக்கப் போறேன்?”

அவ்வளவுதான். மிஷினுக்கு மரியாதை இல்லாத இடத்துக்கு மிஷின்காரன் வரமாட்டான் என்று சொன்னார். சொன்னபடியே போகவும் இல்லை. கல்யாணத்தன்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று பார்த்து ஈ, காக்கை வரவில்லை. ஊரே கல்யாணத்தில் இருந்தது. எதிர்க்கடைக்காரர்கூட சவரம் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு அங்கேதான் போயிருந்தார். இவர் மிஷினைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். மனைவியும் மகளும் போய்வந்து, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார் என்று காத்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவில் அந்தக் கல்யாணம் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்படியே சில வாரங்கள் ஓடின. ஒருநாள் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் மனைவி துண்டை நீட்டியபடி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“உங்க தங்கச்சி போன் பண்ணா.”

“எனக்கா?”

“எனக்கு. கல்யாண டிவிடி வந்துடுச்சாம். வீடியோக்காரர் ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தாராம். சொந்தக்காரங்களுக்குக் குடுக்கக் காப்பி போடணுமாம்.”

“அதுக்கு?”

“எதிர்க்கடையில அந்த மிஷின் இருக்காம். அண்ணன் கடையில இருந்தா அண்ணன்கிட்டயே குடுக்கறேன், இல்லேன்னா அங்க குடுத்துடறேன்னா. சனிக்கிழமை வரைக்கும் பாப்பாளாம்.”

“பாத்துட்டு?”

“குடுத்துடுவா. அப்புறம் நீங்க ஆயுசுக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கலாம். எங்களுக்கென்ன, பழகிடுச்சு.” துண்டைப் பிடுங்கிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு பத்திரிகை எதிர்க்கடைக்குப் போனதற்கே இந்தக் கதி. டிவிடியும் போய்விட்டால் அந்த உறவுக்கு வாசல் மட்டுமல்ல, ஜன்னலும் இருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கடையில் ஒரு கணினி உண்டு. தட்டச்சு செய்து அச்செடுக்க வாங்கியது. அதற்கு டிவிடி என்றால் என்னவென்றே தெரியாது. பழைய சிடியைக் கொடுத்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும். ஆகவே டிவிடி ரைட்டர் என்று ஒன்று வாங்க வேண்டும். தங்கைக்காக வாங்கினார் என்று தெரிந்தால் இறங்கி வந்துவிட்டார் என்று ஆகும். வாங்காவிட்டால் எதிர்க்கடைக்காரர் அந்த வட்டைக் கையில் வாங்குவதைத் தன் கல்லாவில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும். மதில்மேல் பூனைக்காவது இரண்டு பக்கமும் தரை இருக்கும். இவருக்கு இரண்டு பக்கமும் கிணறு.

அந்த வாரம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் உடனே எழுந்தார். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தது. ஒருவர் வீட்டுப் பத்திரத்தை நீட்டினால் அதன் வெற்றுப் பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து நகல் எடுத்து, பயபக்தியுடன் கொடுத்தார். அந்த மனிதர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோடு மட்டும் நல்லா விழுந்திருக்கு” என்றார்.

சலூன்காரர் இதையெல்லாம் கவனிக்காமல் இருப்பாரா? அவருக்கு வருகிற தலைகளைவிட வராத தலைகள் அதிகம். வேடிக்கை பார்க்க வேண்டிய நேரம் நிறைய. சீப்பைக் காதில் செருகிக்கொண்டு வந்து நின்றார். இவர் தானாகவே உளறினார்:

“ஒரு டிவிடி ரைட்டர் வாங்கலாமான்னு யோசனை.”

“எதுக்குண்ணே?”

“சினிமாப் படம் காப்பி போடத்தான். வேற எதுக்கு? காலம் மாறுதில்ல?”

சொல்லிய வாய் மூடுவதற்குள், சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது. சினிமாவை நகலெடுப்பது திருட்டு என்று அதே சங்கக் கூட்டத்தில், அதே மைக்கில், சாக்கடைக்கும் நேர்மைக்கும் நடுவில் ஒரு பத்தி பேசியிருந்தார். அந்தப் பேச்சில் ஒரு நுட்பம் இருந்தது. மாணவர்கள் கொண்டுவரும் பாடப் புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டைவரை நகலெடுத்து, ஓரத்தில் கம்பி அடித்துக் கொடுப்பார். அது கல்விச் சேவை. படத்தை நகலெடுத்தால் அது திருட்டு. புத்தகம் எழுதியவருக்கு வயிறு இல்லையா என்று ஒரு வாத்தியார் கேட்டதற்கு, “வாத்தியாரே, புத்தகத்த யாரும் ஆசைப்பட்டுப் படிக்கிறதில்ல. ஆசைப்பட்டு எடுத்தாத்தான் திருட்டு” என்று பதில் சொன்னார். வாத்தியார் அதற்குமேல் பேசவில்லை. நியாயம் இருப்பதாக அவர் நினைத்தாரோ, தன் புத்தகம் இவர் கையில் இருந்ததை நினைத்தாரோ.

சலூன்காரருக்கோ கண்கள் மின்னின. “அண்ணே! இதத்தான் நான் ரெண்டு வருஷமா சொல்றேன். கடையில டிவி வெச்சிருக்கேன், ஒரே படம் ஓடி ஓடித் தேஞ்சு போச்சு. முடி வெட்ட வர்றவன் வசனத்த முன்னாடியே சொல்றான். தலைய ஆட்டி ஆட்டிச் சொல்றான். காது போயிடும்போல இருக்கு. நீ வாங்கு, மொத கிராக்கி நான்.”

அதோடு விட்டாரா? மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இஸ்திரிக் கடை அம்மா ஒரு மூட்டைத் துணியோடு வந்து நின்று, “தம்பி, எனக்கு அழுவுற படமா ஒண்ணு போட்டுக் குடு. சிரிக்கிற படம்னா பொட்டி சுட்டுடுது, கவனம் போயிடுது” என்றார். மருந்துக் கடைக்காரர் பேய்ப் படம் கேட்டார். இவர் யாருக்கும் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கொள்கைக்கும் தங்கைக்கும் இடையில் மாட்டிக்கொண்டவன் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் இடிக்கும்.

கணினிக் கடை தெருமுனையில் இருந்தது. செவ்வாயன்று அதன் வாசல்வரை போனார். உள்ளே கண்ணாடி அலமாரியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒருவர் “என்ன சார் வேணும்?” என்று எழுந்ததும், “மணி என்ன?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார், கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு. புதனன்று உள்ளேயே போய்விட்டார். கணினிக் கடைக்காரர் முகத்தில் தூக்கமும் பொறுமையும் ஒருசேரத் தெரியும் மனிதர். மேஜைமேல் ஒரு ரைட்டரை எடுத்து வைத்தார். பொத்தானை அழுத்தியதும் அதன் தட்டு, டாக்டரிடம் நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வந்தது.

“இது எப்படி வேலை செய்யுது?”

“ஒரிஜினலப் போட்டீங்கன்னா கம்ப்யூட்டர் முழுங்கிக்கும். அப்புறம் காலி டிவிடி போட்டா அதுல எரிச்சுக் குடுத்துடும்.”

“எரிச்சா?” இவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “ஒரிஜினலுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாது சார். லேசர். சூடு வெளிய தெரியாது.”

“காலைல மிஷின் சூடேற எவ்வளவு நேரம்?”

“சூடேற வேணாம் சார்.”

“மை?”

“மை கிடையாது சார்.”

“அப்ப மூடிய அழுத்திப் பிடிக்கணுமா? வெளிச்சம் உள்ள போனா ஓரம் கறுப்பாயிடுமே.”

கணினிக் கடைக்காரர் மூடியே இல்லாத பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அப்புறம்தான் இவர் முக்கியமான கேள்விக்கு வந்தார். முன்னால் குனிந்து, மூன்றாம் ஆள் கேட்டுவிடக் கூடாத விஷயம்போல் கேட்டார்.

“காப்பியிலேந்து காப்பி எடுத்தா மங்கிடுமா? அதுலேந்து இன்னொரு காப்பி எடுத்தா? ஆளு மூஞ்சி தெரியுமா? இல்ல, மீசை மட்டும்தான் தெரியுமா?”

அவர் தொழிலில் இதைவிடப் பெரிய உண்மை கிடையாது. நகலின் நகலில் கண்ணாடி போட்டவனுக்குக் கண்ணாடி மட்டும்தான் மிஞ்சும். அதன் நகலில் அதுவும் இருக்காது. கணினிக் கடைக்காரர் சிரித்தார். “நூறாவது காப்பி எடுத்தாலும் ஒரிஜினல் மாதிரியேதான் சார் இருக்கும். வித்தியாசமே தெரியாது.”

“காட்டுங்க.”

காட்டினார். ஒரு படத்தை நகலெடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் ஒன்றாக ஓடவிட்டார். இவர் மூக்குத் திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து வலது ஓரத்தைப் பார்த்தார். கதாநாயகன் அடிவாங்கினான், கதாநாயகி ஓடினாள், ஒரு வீடு வெடித்துச் சிதறியது. அவர் வலது ஓரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கோடு விழலியே” என்றார் கடைசியில். குரலில் மகிழ்ச்சி இல்லை.

“விழாது சார்.”

“அப்ப எது ஒரிஜினல், எது காப்பின்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“எதுக்கு சார் கண்டுபிடிக்கணும்?”

இந்தக் கேள்வி அவரை இரண்டு நாள் படுத்தியது. இரண்டும் ஒன்றுதான் என்றால், வாடிக்கையாளர் எதை மறந்துவிட்டுப் போனார் என்று கத்திக்கொண்டு ஓடுவது? ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் கட்டிய தத்துவத்தை ஒரு தகரப் பெட்டி நாக்கை நீட்டிப் பழிக்கிறது. அதையும் விலை கொடுத்து வாங்க வேண்டுமாம்! வியாழனன்று வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவோடு மத்தியானம்வரை நிம்மதியாக இருந்தார். மத்தியானம் எதிர்க்கடைக்காரர் தன் வாசலில் ஏணி போட்டு ஏறி, ‘திருமண டிவிடி நகல் எடுத்துத் தரப்படும்’ என்று ஒரு பதாகையைக் கட்டினார். கட்டிவிட்டு ஏணியிலிருந்தபடியே இந்தப் பக்கம் திரும்பி, “நேரா இருக்கா பாருங்கண்ணே!” என்று கேட்டார்.

“இடது பக்கம் எறங்கியிருக்கு” என்றார் இவர். அது நேராகத்தான் இருந்தது.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள், “அப்பா, அது சோறு, மாவு இல்ல” என்றாள். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே மகளிடம்தான் பேசினாள்.

“சில பேருக்கு மிஷின் வாங்கத் தெரியும். சில பேருக்கு மிஷினாவே இருக்கத் தெரியும். குடுத்ததத்தான் திரும்பக் குடுக்கும், தானா ஒரு வார்த்தை வராது.”

“நான் சினிமாவுக்காகத்தான் வாங்கலாமான்னு பாக்கறேன்” என்றார் அவர், யாரும் கேட்காமலே.

“வாங்குங்க, வாங்குங்க. அழுவுற படமாப் பாத்து வாங்குங்க.”

வெள்ளிக்கிழமை காலை, பல் விளக்கிய வாயோடு நேரே தெருமுனைக்குப் போனார். கணினிக் கடைக்காரர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். “மணி எட்டே கால் சார்” என்றார் திரும்பாமலே.

“மணி வேணாம். அந்த ரைட்டரக் குடுங்க. வந்து மாட்டியும் குடுங்க.”

மாட்டியானதும் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. இவர் பொத்தானை அழுத்தித் தட்டை வெளியே வரவழைப்பதும் உள்ளே அனுப்புவதுமாக இருந்தார். சலூன்காரர் கையோடு படத்தைக் கொண்டுவந்துவிட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி, “படமா? அது திருட்டு. இந்தக் கடையில நடக்காது” என்றார்.

“அப்ப எதுக்குண்ணே வாங்கினே? நாக்க நீட்டி விளையாடவா?”

அதற்கான பதில் மறுநாள், சனிக்கிழமை, தெருவின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தது.

தங்கை எதிர்க்கடையின் பதாகைக்கு நேரே வந்ததும் ஒரு கணம் நின்றாள். இவர் மூடியைத் திறந்து காலி மிஷினை நகலெடுத்தார். பிறகு அவள் தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தாள். கல்லாவின் முன், நகலெடுக்க வந்த எல்லோரும் நிற்கிற இடத்தில் நின்றாள்.

“வாங்க. என்ன வேணும்?” என்றார். பதற்றத்தில் மரியாதை தானாக வந்துவிட்டது. வந்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. “டிவிடி காப்பி எடுக்கணும். இங்க எடுப்பீங்களா?”

“எடுப்போம். ஒரிஜினல் கொண்டாந்திருக்கீங்களா?”

கொண்டுவந்திருந்தாள். துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“எத்தனை?”

“நாலு.”

“மொதல்ல சோதனைக்கு ஒண்ணு எடுப்போம். அத ஒடச்சிடுவோம். அது கடை வழக்கம்.”

“தெரியும்” என்றாள் தங்கை. மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆனா ஒண்ணு. ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். நடுவுல நின்னுடுச்சுன்னா சொந்தக்காரங்க முன்னாடி மானம் போயிடும்.”

“முழுசுமா பாக்கணும்?”

“முழுசும். மொதல்லேந்து. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்.”

அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கி, ‘சாப்பாட்டு இடைவேளை’ என்ற அட்டையை மாட்டினார். அப்போதுதான் காலைச் சாப்பாடே செரித்திருந்தது. சோதனை நகல் தயாரானதும் அதைப் போட்டு, ஸ்டூலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் முதலில் வலது ஓரத்தைத்தான் பார்த்தார்.

வீடியோக்காரர் கலைஞர். தங்கையின் தலை ஒரு ரோஜாப் பூவிலிருந்து முளைத்தது. மாப்பிள்ளையின் தலை இன்னொரு ரோஜாவிலிருந்து முளைத்தது. இருவருக்கும் பின்னால் எங்கிருந்தோ ஓர் அருவி கொட்டியது. இவர் ‘த்சொ’ என்றார். மாப்பிள்ளையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காது கொஞ்சம் பெரிது, ஆனால் நல்ல சிரிப்பு. பிறகு அருவி ஒழிந்து மண்டபம் வந்தது. முன்வரிசை வந்தது. மனைவி, மகள், நடுவில் ஒரு நாற்காலி. நாற்காலியில் மனைவியின் கைப்பை.

கல்யாணக் கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்த நாற்காலியை நோக்கி வந்தார். மனைவி பையின்மேல் கையை வைத்து, ஆள் வருகிறது என்பதுபோல் தலையசைத்தாள். பெரியவர் போய்விட்டார். இன்னொரு அம்மா வந்தார். மறுபடியும் கை பைமேல் போனது. மேடையில் தங்கை நின்றிருந்தாள். யாரோ பரிசு கொடுத்தார்கள், வாங்கினாள். யாரோ சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண் கூட்டத்தைத் தாண்டி வாசலுக்குப் போனது. அடுத்தவர் வந்தார். சிரிப்பு. மறுபடியும் வாசல். எதிர்க்கடைக்காரர்கூட மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாகவும் அவள் வாசலைத்தான் பார்த்தாள்.

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார். “ரேஷன் கார்டு காப்பி எடுக்கணும்!”

“டோனர் இல்ல” என்றார் இவர். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு டோனர் மைப் புட்டிகள் இருந்தன.

வட்டு எங்கும் நிற்கவில்லை. மங்கவில்லை, கோடு விழவில்லை. இருந்தாலும் வாடிக்கையாளர் முழுசும் பார்க்கச் சொல்லியிருந்ததால், நாற்காலி வருகிற இடத்தை மட்டும் இன்னொரு முறை சோதித்தார். அதன்பிறகு இன்னொரு முறை. கடமையில் குறை வைக்கக் கூடாது. அட்டையை எடுக்க வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. “டோனர் தூள் பட்டுடுச்சு” என்று சலூன்காரரிடம் தானாகவே சொன்னார். மிஷினின் டோனர் அறை அன்று திறக்கப்படவே இல்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். நான்கு வட்டுகளை உறைகளில் போட்டுக் கல்லாமேல் வரிசையாக வைத்திருந்தார். அவள் ஒன்றை உருவிப் பார்த்தாள். வட்டின் மேற்பக்கத்தில், நடுத் துளைக்கு வலப்புறமாக, மேலிருந்து கீழாக, மார்க்கர் பேனாவால் அளவுகோல் வைத்துப் போட்ட மெல்லிய கறுப்புக் கோடு. அடுத்ததை உருவினாள். அதிலும் கோடு.

அவள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கோட்டோடு கோடு பொருத்தினாள். வருவது சிரிப்பா வேறெதுவுமா என்று அவளுக்கே முடிவாகவில்லை. “அண்ணா, இதுலயும் கோடு விழுந்திருக்கு.”

“மிஷின் அப்படித்தான்.”

“யாராவது கேட்டா என்ன சொல்ல?”

“எங்க அண்ணன் கடைன்னு சொல்லு.”

அவள் உருவிய வட்டுகளை உறைகளில் திரும்பப் போட்டாள். பிறகு அவர், உறைகளை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டு, “ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. மாப்பிள்ளையும் கூட்டிட்டு” என்றார்.

“உக்கார எடம் இருக்குமா?”

“உங்க அண்ணி எதையாவது வெச்சுப் பிடிச்சு வெப்பா. பழக்கம்தானே.”

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் முழுசும் பார்த்திருக்கிறார். அதற்குமேல் நின்றால் தெருவில் வைத்து அழ வேண்டிவரும் என்று நினைத்தாளோ என்னவோ, நான்கு உறைகளையும் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கி வேகமாக நடந்தாள்.

இவர் தட்டைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தெருவில் பாய்ந்தார்.

“ஏய்! ஒரிஜினல்! ஒரிஜினல மறந்துட்டே!”

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துரத்திப் பிடித்து, அவள் கையில் அந்த ஐந்தாவது வட்டைத் திணித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார். இத்தனை வருஷப் பெருமைக்கு அன்றும் பங்கம் வரவில்லை.

கடை வாசலில் சலூன்காரர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“என்னண்ணே, மொத படம் ரிலீஸ் ஆயிடுச்சா? சோதனைக் காப்பிய ஒடச்சாச்சா?”

“ஒடைக்கணும்” என்றார் ஒரிஜினல்.

உள்ளே போனார். ஒரு வட்டை எடுத்துவந்து, சலூன்காரர் கண்முன்னாலேயே இரண்டு கையாலும் வளைத்தார். அது தாள்போல் இணங்கவில்லை. வளைந்து, முறைத்து, கடைசியில் ‘பட்’டென்று தெறித்தது. துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். சலூன்காரர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, காதிலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு தன் கடைக்குப் போனார்.

உடைந்தது உறை பிரித்த புது வட்டு. ஒன்றும் எழுதப்படாதது.

உடைக்க வேண்டிய சோதனைக் காப்பி, மேஜையின் அடி இழுப்பறையில், பிரிக்காத தாள் கட்டுகளுக்குக் கீழே, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிக் கிடந்தது. அதில் மட்டும் அவர் கோடு போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்து, திங்கட்கிழமை காலை, இழுத்துச் சாத்திவிடுவதாக மைக்கில் முழங்கிய அதே ஷட்டரை அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே திறந்தார்.